டி டிரைவ் முழுக்க என் படங்கள்

கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அக்கா எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். கீழக்குயில்குடி மலைப்பாறையில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய படுக்கைகள்தான் அவளுடைய ஆய்வு. ஒவ்வொரு படுக்கையையும் டேப் வைத்து அளந்து, வரைந்து, வீட்டுக்கு வந்து டைப் செய்வாள்.

கம்ப்யூட்டருக்கு நான்தான் அதிகாரி. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தேன். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் எங்கள் கோப்புகள். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், டி-யில் இருப்பது அப்படியே இருக்கும். இதை அப்பாவுக்கு விளக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் டி முழுக்க நான் சினிமாப் படங்களாக ரொப்பி வைத்திருந்தேன். ஒருநாள் அக்கா கேட்டாள். "எங்கடா சேவ் பண்றது? இடமில்லைங்குது."

"டெஸ்க்டாப்லயே போட்டுக்கக்கா. ஒண்ணும் ஆகாது."

டெஸ்க்டாப் என்பது சி டிரைவ்தான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து மெஷின் ரொம்ப மெதுவானது. அக்கா யுனிவர்சிட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சி-யை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டேன். கேம் ஒன்றைத் திறந்து, எவ்வளவு வேகம் என்று ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய கோப்புகள் நினைவுக்கு வந்தன. டி-யைத் திறந்து பார்த்தேன். என் படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

சாயங்காலம் வந்தவளிடம், "வைரஸ்க்கா, எல்லாத்தையும் தின்னுருச்சு. நாலு நாள்ல மீட்டுத் தர்றேன்" என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுடா, நீ என்ன பண்ணுவ" என்றாள். அம்மா திட்ட வந்தபோதும், "அவனை ஒண்ணும் சொல்லாதம்மா" என்று தடுத்தாள்.

நாலு நாளிலும் கோப்புகள் வரவில்லை. அவள் நோட்டில் பாதி அளவுகள்தான் இருந்தன; மற்றதைத் துண்டுத் தாளில் குறித்து, டைப் செய்ததும் எறிந்திருந்தாள். மீதியை மறுபடி அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வண்டியில் நானே அவளைக் கூட்டிப்போனேன். மூன்றாவது வாரம், வெயிலில் பாறை சுட்டுக்கொண்டிருந்தது. டேப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில்.

"அக்கா, வைரஸ் இல்லக்கா. நான்தான் அழிச்சேன். டி-யில என் படம் இருந்துச்சுன்னு உன்னுதை வெளிய வைக்கச் சொன்னேன்."

அவள் நிமிரவில்லை. எண்ணை நோட்டில் எழுதினாள். "நீ மீட்டுத் தருவன்னு நம்பி உக்காந்திருந்தேன். அன்னைக்கு அம்புட்டு அளவும் ஞாபகத்துல இருந்துச்சுடா. நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே எழுதியிருப்பேன்."

டேப்பை அடுத்த படுக்கைக்கு இழுத்தாள். அழித்ததைவிட மூன்று வாரம் மறைத்ததுதான் அவளுக்குப் பெரிய நஷ்டம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் டி-யைக் காலி செய்து கொடுத்தேன். அவள் தொடவில்லை. பஸ் ஏறிப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் செய்து, ஃபிளாப்பிகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். ஆய்வேட்டை ஒரு தவணை தள்ளித்தான் கொடுக்க முடிந்தது.

அதன் நன்றியுரையில், அளக்க உதவிய தம்பிக்கு என்று ஒரு வரி போட்டிருக்கிறாள். அம்மா அதை வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாள். அப்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.