டீத்தூள் பாக்கெட்டில் இருந்த யானை

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்து ரெண்டாவது கார்த்திகை தீபம். தேரடிக்குப் பின்னால ஒரு சந்துல நாலு குடித்தனம் இருந்த வீடு. கீழ்ப் போர்ஷன்ல நாங்க. மாடியில சின்னப் பிள்ளைங்களோட ஒரு முஸ்லிம் குடும்பம். அந்தக் குடும்பத்து அக்காவுக்கு என்னைவிட மூணு நாலு வயசுதான் ஜாஸ்தி இருக்கும். அவங்க வீட்டுக்காரர் தகரத்துல ட்ரங்க் பெட்டி செஞ்சு விக்கிறவர். என் வீட்டுக்காரர் அரிசி மண்டியில வேலை.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பொறந்தவள். ஏழாவதோட படிப்பு நின்னுபோச்சு. சின்ன வயசுலேருந்தே எதுக்கெடுத்தாலும் பயம். கதவைப் பூட்டிட்டு தெரு முனை வரைக்கும் போய்ட்டு, பூட்டினேனா இல்லையான்னு திரும்பி ஓடி வருவேன். வீட்டுக்கு யாராவது வர்றாங்கன்னா ரெண்டு நாள் முன்னாடியே தூக்கம் போயிடும். காரணம் என்னன்னா, எங்க வீட்டுல ஒரே மாதிரி ஆறு டம்ளர் கிடையாது. ஒண்ணு பித்தளை, ஒண்ணு ஒடுங்கினது, ரெண்டு எவர்சில்வர், அதுலயும் ஒண்ணு உசரம் ஒண்ணு குட்டை. யார் வந்தாலும் மாடி அக்காகிட்ட போய் நிப்பேன். அவங்ககிட்ட ஒரே மாதிரி நாலு டம்ளர் இருந்தது. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருப்பாங்க.

அந்த சமயத்துலதான் ஒரு டீத்தூள் பாக்கெட்டுக்குள்ள கூப்பன் போட ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டி அளவுக்கு ஒரு அட்டை, அதுல ஒரு படம். கிளி, மயில், மான், முயல், யானை. அஞ்சு படமும் சேர்த்து தேரடி வீதியில இருந்த ஏஜென்ட் கடையில குடுத்தா ஆறு எவர்சில்வர் டம்ளர் இலவசம். பொங்கல் முடிஞ்சதும் கடைசித் தேதி. கிளி கொட்டிக் கிடந்தது. மயிலும் மானும் முயலும் மாத்தி மாத்தி வாங்கிடலாம். தீபத்துக்கு முன்னாடியே எனக்கு அந்த நாலும் சேர்ந்துடுச்சு. யானைதான் யார் கண்ணுலயும் படலை. அப்படி ஒண்ணு அச்சடிக்கவே இல்லைன்னு கூட எங்க வீட்டுக்காரர் சொல்வார்.

கூப்பன் மாத்தறதுக்கு எங்க நாலு குடித்தனத்துப் பொம்பளைங்களுக்குள்ள ஒரு முறை இருந்தது. நான் அதுல கத்துக்குட்டி. முதல் நாளே அக்கா வீட்டுப் படியேறி, உக்காரக்கூட இல்லாம, மான் இருக்குதான்னு கேட்டுட்டேன். அக்கா சிரிச்சாங்க.

"மான் எங்கயும் ஓடிப்போவாது. முதல்ல உக்காந்து தண்ணி குடி. வந்த உடனே கூப்பனைக் கேட்டா, மனுஷியைப் பாக்க வந்தியா அட்டையைப் பாக்க வந்தியான்னு தோணும் இல்ல?"

அப்புறம் ஒவ்வொண்ணா தெரிஞ்சுகிட்டேன். கிழிஞ்ச அட்டைக்கு கிழியாத அட்டை கேக்கக்கூடாது. ஒருத்தருக்குத் தர்றேன்னு சொன்னதை இன்னொருத்தர் ரெண்டு படம் குடுத்தாலும் தரக்கூடாது. மளிகைக் கடையில பாக்கெட்டை அமுக்கி அமுக்கிப் பாக்கக்கூடாது. அது நானே பட்டுத் தெரிஞ்சுகிட்டது. "ஏம்மா, டீத்தூள் வாங்க வந்தியா, கத்திரிக்கா வாங்க வந்தியா?"ன்னு கடைக்காரர் எல்லார் எதிரிலும் கேட்டு மானம் போச்சு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருந்தது. பாக்கெட்டை யார் கை பிரிச்சாலும், கூப்பன் அந்தப் பாக்கெட்டை வாங்கின வீட்டுக்குத்தான். ஒருத்தர் வீட்டுல உதவிக்குப் போய் டீ போட்டா, காலி பாக்கெட்டை அப்படியே அந்த வீட்டுக்காரம்மா கையில குடுத்துட்டுத்தான் வரணும்.

அக்காவும் சேர்த்துகிட்டு இருந்தாங்க. ஆரணியில அவங்க கூடப்பொறந்தவளுக்கு தை மாசத்துக்கு அப்புறம் கல்யாணம். டம்ளர் வந்தா அவளுக்குக் குடுக்கணும்னு ஆசை. இது எங்க நாலு வீட்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை இங்கயே சொல்லிடறேன், தெரியாம செஞ்சேன்னு யாரும் நினைச்சிடக்கூடாது.

தீபத்தன்னிக்கு ஊர்லேருந்து என் மாமியார், நாத்தனார், அவங்க பிள்ளைங்கன்னு பத்து பேர் வந்துட்டாங்க. எங்க வாசல்லேருந்து பாத்தா லாட்ஜ் கட்டடம் மலையை மறைக்கும். அக்கா வீட்டு மொட்டை மாடியிலதான் உச்சி நல்லா தெரியும். எல்லாரையும் மேல வரச் சொல்லிட்டாங்க. பாய் விரிச்சு, பெரியவங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. தூறல் விட்டு விட்டுப் போட்டது. மாமியார் காலையிலேருந்து விரதம். தீபம் பாத்ததும் சூடா டீ குடுக்கணும்னு அக்கா அவங்க அடுப்படியை என்கிட்ட விட்டுட்டு, வந்தவங்களைக் கவனிக்கப் போயிட்டாங்க.

எங்க டம்ளர், அக்கா டம்ளர், பக்கத்துப் போர்ஷன் டம்ளர்னு வரிசையா வச்சிருந்தேன். மாமியார் உள்ள எட்டிப் பாத்தாங்க.

"ஏம்மா, உன் டம்ளருங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கல்யாணத்துல தூக்கிட்டு வந்த மாதிரி இருக்குதே?"

நாத்தனார் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். ஆனா காது ரெண்டும் சூடாயிடுச்சு.

ஷெல்ஃப்ல இருந்த டீத்தூள் பாக்கெட்டை எடுத்தேன். பாதிக்கு மேல காலி. எத்தனை பேர், எவ்வளவு தூள்னு கணக்குத் தெரியாம முழுசும் கொதிக்கிற தண்ணியில கவுத்தேன். அட்டை ஒண்ணு அடியில ஒட்டிகிட்டு இருந்தது. தட்டினதும் என் உள்ளங்கையில விழுந்தது.

யானை.

அந்த நேரம் பாத்து ஊரே 'அரோகரா'ன்னு கத்துது. மாடியில எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. மலை மேல தீபம் ஏத்திட்டாங்க. நான் அடுப்படியில நின்னுகிட்டு கையில இருந்த அட்டையையே பாத்துட்டு இருந்தேன். பாக்கெட்டைக் காலி பண்ணது நான்தானே, நான் பாக்கலைன்னா குப்பைக்குத்தானே போயிருக்கும்னு மனசு என்னென்னவோ சொன்னது. அட்டையை முந்தானையில முடிஞ்சுகிட்டேன். அந்த வருஷம் தீபம் ஏத்தினதை நான் பாக்கவே இல்லை.

எல்லாரும் கீழ இறங்கினப்புறம் அக்கா கேட்டாங்க. "தங்கச்சி, அந்த டீத்தூள் பாக்கெட்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேங்க்கா."

எப்படி வந்ததுன்னே தெரியலை, அவ்வளவு வேகமா வாயில வந்தது. அக்கா ஒரு நிமிஷம் அடுப்பைப் பாத்தாங்க. "சரி, போவட்டும்"னாங்க.

பொங்கலுக்கு முன்னாடியே ஏஜென்ட் கடைக்குப் போய் டம்ளர் வாங்கிட்டு வந்துட்டேன். ஆறும் ஒரே உசரம், ஒரே பளபளப்பு. வாங்கின அன்னிக்கே மாடிக்குச் சொல்லாம இருந்தா சந்தேகம் வரும்னு பயந்து, அக்காவைக் கூப்பிட்டு புது டம்ளர்ல டீ குடுத்தேன்.

"யானை கெடச்சுதா?"

"எங்க அம்மா வீட்டுல கெடச்சுதுங்க்கா."

அக்கா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "நல்ல கனம்"னு சொல்லிட்டு மெதுவா, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. மறுநாள் வந்து அவங்க சேர்த்து வச்சிருந்த கிளி, மயில், மான், முயல் எல்லாத்தையும் என் கையில வச்சாங்க. "எனக்கு இனிமே வேணாம்மா. நீ யார்கிட்டயாவது மாத்திக்க."

திட்டியிருந்தா அழுதுட்டு மறந்திருப்பேன். அவங்க குடுத்தாங்க. அதுதான் என்னால தாங்க முடியலை. அதுக்கப்புறமும் எப்பவும் போலத்தான் பேசினாங்க, கொழம்பு குடுத்தாங்க, மழை வந்தா என் கொடியில இருந்த துணியை எடுத்து வச்சாங்க. எனக்குத்தான் படியேற கால் வரலை. அவங்க இருமினாக்கூட, இப்ப கேக்கப்போறாங்கன்னு உள்ள போய் கதவைச் சாத்திக்குவேன். ஆரணி கல்யாணத்துக்குக் கிளம்பறப்ப, எனக்கு எடுத்து எடுத்துக் குடுத்தாங்களே, அந்த நாலு டம்ளரையும் கீழ குழாயடியில புளி போட்டுத் தேய்ச்சு பேப்பர்ல சுத்திகிட்டு இருந்ததை ஜன்னல் வழியாப் பாத்தேன். அவங்க கூடப்பொறந்தவளுக்கு சீரா அதுதான் போச்சு.

சித்திரை மாசம் அவங்க காலி பண்ணிட்டாங்க. ட்ரங்க் பெட்டி வியாபாரம் கம்மி ஆயிடுச்சு, ஆம்பூர்ல இருந்த அண்ணனோட சேர்ந்துக்கறதுன்னு அவங்க வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். வாசல்ல லாரி நின்னுது. நான் ஆறு டம்ளரையும் ஒரு மஞ்சள் பையில போட்டு எடுத்துகிட்டு மாடிக்குப் போனேன். வீடு காலியா இருந்தது. அக்கா அடுப்படி ஷெல்ஃபைத் துடைச்சுகிட்டு இருந்தாங்க. அதே ஷெல்ஃப்.

பையை நீட்டினேன். "அக்கா, அந்த யானை..."

அக்கா துணியைக் கீழ வச்சாங்க. "அன்னிக்குக் காலையில டீ போட பாக்கெட்டை எடுத்தப்பவே அடியில பாத்துட்டேன்மா. வீட்டுக்கு ஆளுங்க வர்ற நாள்ல கூப்பனை எடுத்து வச்சுகிட்டு நிக்கக்கூடாதேன்னு உள்ளயே விட்டேன். எல்லாரும் போனப்புறம் எடுத்துக்கலாம்னு."

நான் அழ ஆரம்பிச்சுட்டேன்.

"உன் மாமியார் சொன்னது என் காதுலயும் விழுந்துது. கேட்டிருந்தா அங்கயே குடுத்திருப்பேன். என்கிட்ட கேக்கலாம்னு உனக்குத் தோணலையேன்னுதான் எனக்கு..." முடிக்காம விட்டுட்டாங்க.

கீழ லாரிக்காரர் சத்தம் போட்டார். நான் பையை அவங்க கையில திணிச்சேன். அவங்க உள்ள கையை விட்டு ஒரே ஒரு டம்ளரை எடுத்துகிட்டு மீதியைத் திருப்பிக் குடுத்தாங்க.

"வழியில பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுக்க ஒண்ணு போதும். எங்க டம்ளருங்கதான் ஆரணிக்குப் போயிடுச்சே."

என்கிட்டேருந்து அவங்க எடுத்துகிட்ட ஒரே பொருள் அதுதான். லாரியில உக்காந்து, மடியில டம்ளரை வச்சுகிட்டு, தேரடி திரும்பற வரைக்கும் என்னைப் பாத்துகிட்டே போனாங்க.

லெட்டர் போடலாம்னு இன்லேண்ட் வாங்கி வச்சேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், யார் படிப்பாங்களோ, என்ன நினைப்பாங்களோன்னு பயந்து பயந்து நாள் போச்சு. உண்மையைச் சொன்னா, விலாசமே கேட்டு வாங்கலை. சில வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனப்ப கடைத்தெருவுல விசாரிச்சேன். அக்கான்னே கூப்பிட்டுப் பழகிட்டேன், பேர் தெரியாது. வீட்டுக்காரரை எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க, அதுதான் தெரியும். திருவண்ணாமலையில ட்ரங்க் பெட்டி செஞ்ச பாய்னு கேட்டேன். கடையில இருந்த பெரியவர் சிரிச்சுட்டார். "இந்தத் தெருவுல பாய்னு கூப்பிட்டா பாதி பேர் திரும்பிப் பாப்பாங்கம்மா. எந்த பாய்னு சொல்றது?" சிரிச்சவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு எழுந்து வந்து, நாலு கடையில கூடவே வந்து விசாரிச்சார். யாருக்கும் தெரியலை.

இப்ப எங்க வீட்டுல மருமகள் வந்து, கண்ணாடியிலயும் பீங்கான்லயும் எத்தனையோ செட் வந்தாச்சு. நான் அந்த அஞ்சு டம்ளரைத் தனியா வச்சிருக்கேன். ஆறு பேர் உக்காந்தா அஞ்சு பேருக்கு அதுல குடுத்துட்டு, அந்தப் பழைய ஒடுங்கின டம்ளர்ல நான் குடிப்பேன். ஏம்மா இன்னும் இதை வச்சிருக்கீங்கன்னு மருமகள் கேப்பாள். பழகிடுச்சுன்னு சொல்லிடுவேன். அவள்கிட்ட மட்டும், பக்கத்து வீட்டுல எது வேணும்னாலும் வெக்கப்படாம வாயைத் திறந்து கேளுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஒவ்வொரு தீபத்துக்கும் மலை உச்சியில வெளிச்சம் தெரிஞ்சதும் எல்லாரும் கும்பிடறாங்க, நானும் கும்பிடறேன். ஆனா ஆம்பூர்ல ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில அந்த ஆறாவது டம்ளர் இன்னும் இருக்கணும், அதுல யாராவது தண்ணி குடிச்சுகிட்டு இருக்கணும், அதைத் தவிர எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணறதில்லை.