பெர்கனில் திறந்து வைத்த குழாய்

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, சமையலறைச் சுவரிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுப்பது. கேட்டால் கட்டுக்கதை போல இருக்கும். ஐந்து வாரமாக இதுதான் நடக்கிறது. இடுப்பளவு உயரமுள்ள ஓர் இயந்திரம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓயாமல் முனகுகிறது. நார்வேக்காரர்கள் இதை ஆவ்ஃபுக்தர் என்கிறார்கள். சுவருக்குள்ளும் தரைப் பலகைக்கு அடியிலும் ஒளிந்திருக்கிற ஈரத்தை உறிஞ்சி, அடியிலுள்ள வாளியில் தண்ணீராகச் சேர்த்து வைக்கும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. ஜன்னலோரத்தில் இருக்கிற ஒரே செடிக்கு ஊற்றினேன். அது பாவம், குடித்துக் குடித்து மஞ்சளாகிவிட்டது.

பெர்கனில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். சுற்றிலும் மலை, மலையெங்கும் மேகம். நான் பிறந்த இராஜபாளையத்துக்கும் மலை உண்டு. ஆனால் அது எப்போதும் மேற்கே இருக்கும். ஒன்பது வருடமாகியும் இங்கே ஜன்னலில் தெரிகிற மலையை மேற்கு என்று நினைத்துத்தான் வழி சொல்கிறேன். கேட்டவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்களோ தெரியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும், சில சமயம் அதற்கும் மேலாகும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, அடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டுத் தூங்குவோம். முதலில் காற்று சீறும். பிறகு குடத்தில் சொட்டு விழுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் வீடு விழிக்கும். மூடிய குழாய் என்றால் அசட்டையாக இருக்கிற வீடு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் விழிப்பது அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் சத்தத்தைக் கேட்பேன், அவள் பாய் சுருட்டுகிற சரசரப்பையும் கேட்பேன், அப்படியே புரண்டு படுத்துக்கொள்வேன். அவள் குடம் குடமாக நிறைக்கிற சத்தத்தில் வருகிற தூக்கம் இருக்கிறதே, அதைப் போல ஒரு தூக்கம் எனக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை.

பெர்கனில் நடந்தது ஒரு சனிக்கிழமை. தெருவில் குழாய் மாற்றுகிறார்கள், ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை தண்ணீர் இருக்காது என்று தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. பத்து மணிக்குக் குழாயைத் திருகிப் பார்த்தேன். காற்று சீறியது. அவ்வளவுதான், ஒன்பது வருடமும் எங்கோ போய்விட்டது. என் கை தானாகவே குழாயை முழுக்கத் திறந்து வைத்தது. வருகிற தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதே என்று பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டையை அடைப்பானால் மூடினேன். அதற்குள் இரண்டு பாத்திரங்களை வைத்தேன். பிறகு சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

தண்ணீர் வந்தது எனக்குக் கேட்டது. இதை நான் எங்கும் மறைக்கவில்லை. முதலில் சீறல், பிறகு பாத்திரத்தில் சொட்டு, பிறகு நிறைகிற சத்தம். தூக்கத்தில் எனக்கு அத்தனை சந்தோஷம். தண்ணி வந்துவிட்டது. அக்கா எழுந்துவிட்டாள். பாய் சுருட்டுகிற சரசரப்பும் கேட்டது. அது என்ன சத்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. புரண்டு படுத்தேன். என்னை எழுப்பியது கதவு இடிபடுகிற சத்தம்.

கீழ்வீட்டு ஹென்ரிக் பேருந்து ஓட்டுகிறவர், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். என் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரில் அவர் வீட்டுக் கூரைப் பலகைகள் உப்பி நடுவில் தொங்கின. கட்டில், புத்தக அலமாரி, கம்பளம் எல்லாம் நனைந்து கிடந்தன. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர் இல்லாதபோது குழாயை ஏன் திறந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். வரும்போது தெரிய வேண்டுமே என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். தண்ணீர் வந்ததைத் தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள் என்றார். பிடித்து வைப்போம் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று மாலையே ஒரு பையை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

செலவு கையைக் கடிக்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இங்கே நனைந்த சுவரை வெயிலில் காயவிட முடியாது. வெயிலையும் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், அதுதான் இந்த இயந்திரம். தரையைப் பெயர்க்க ஒருவர், ஈரம் அளக்க ஒருவர், பலகை போட ஒருவர். என் கையில் ஒரு தொகை இருந்தது. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வீடு சொந்தம் கொண்டாடியிருந்தது.

அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஒரு பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அவளுக்குத் துணை அந்த வீடுதான். மூன்று ஐப்பசியாக மொட்டைமாடி ஒழுகுகிறது. போன வருடம் அவள் படுக்கிற அறையில் காரை பெயர்ந்து தலைமாட்டில் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினாள். பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகத் தளம் போட வேண்டும், மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இந்த வருடம் கட்டாயம் அனுப்புகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் எதையும் கேட்டதே இல்லை. இதுதான் முதல் முறை.

ஆகவே எல்லாம் காப்பீட்டில் வந்து நின்றது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் முப்பது வருடமாக இங்கே இருக்கிறவர். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, அசந்து தூங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன்.

காப்பீட்டிலிருந்து வந்தவள் இளம்பெண். காலணியைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் காலுறையோடு நின்றபடி மடிக்கணினியில் தட்டிக்கொண்டாள். வீட்டில் இருந்தீர்களா? இருந்தேன். தூங்கினீர்களா? தூங்கினேன். தண்ணீர் வருகிற சத்தம் கேட்கவில்லையா? இல்லை என்ற ஒரே ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன். அந்தத் தூக்கம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருடத்தில் நான் ஊரில் தூங்கிய ஒரே தூக்கம். அதை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கேட்டது என்றேன். பிறகு ஏன் எழுந்து மூடவில்லை என்றாள். என் அக்கா எழுந்துவிட்டாள் என்று நினைத்தேன் என்றேன். அவள் விரல்கள் நின்றன. இந்த முகவரியில் நீங்கள் ஒருவர்தானே பதிவாகியிருக்கிறீர்கள், உங்கள் அக்காவும் இங்கே வசிக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, இராஜபாளையத்தில் என்றேன். அது பெர்கனிலிருந்து எவ்வளவு தூரம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். போகும்போது என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

சென்ற வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. சத்தம் கேட்டும் மூடவில்லை என்பதால் கவனக்குறைவு, ஆகவே செலவில் பெரும்பகுதி என் தலையில். கவனக்குறைவு என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கவனமாக இருப்பதற்காகத்தானே திறந்து வைத்தேன். இதை எந்த அலுவலகத்தில், எந்த மொழியில் போய்ச் சொல்ல?

ஞாயிறு மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், அடைமழை. எல்லாவற்றையும் சொன்னேன். ஹென்ரிக்கின் கூரை, காப்பீட்டுப் பெண், கடிதம், தளத்துக்கான பணம் போய்விட்டது என்பது வரை. சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் எந்திரிச்சிட்டேன்னா நெனச்ச?" என்றாள்.

"ஆமா."

"கிறுக்குப் பயலே. பின்ன, நான் அங்கன இருந்தா எந்திரிக்காமலா இருப்பேன்?" பிறகு சொன்னாள்: "தளத்த விடு. கொத்தனாரு தைக்குப் பொறவுதான் வாரேன்னாரு. மழையில யாரு தளம் போடுவா? நான் கட்டில நகட்டிப் போட்டுட்டேன். ஒழுகுற எடத்துல கொடத்த வச்சாச்சு. அம்புட்டுத்தான்."

கொத்தனார் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அந்தக் கீழ்வீட்டு மனுஷனை அவிய அக்கா நல்லா பார்த்துக்கிடுதாகளா என்று விசாரித்தாள். பிறகு, அடுப்பில் பால் இருக்கிறது, செத்த நேரம் இரு என்று போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

போனில் அவள் வீடு கேட்டது. மழை, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன், பிறகு குடத்தில் சொட்டு விழுகிற சத்தம். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதைக் கேட்டுக்கொண்டே எழுந்தேன். சமையலறைக்குப் போய்க் குழாயைப் பிடித்து இறுக்கினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இன்னும் இறுக்கினேன், உள்ளங்கை வலிக்கிற வரை. காதில் சொட்டுவது நிற்கவே இல்லை.