வடிகட்டியில் தங்கியவை

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் என்னுடைய கைபேசியை வைத்துக்கொண்டு, நிறம் தீட்டும் விளையாட்டொன்றில் மயிலுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள். ஓர் இறகு முடிந்தால் ஒரு விளம்பரம் வரும். அது முடிந்தால்தான் அடுத்த இறகு. நான் பக்கத்தில் நின்று மீன் கழுவினேன்.

"அப்பா, இந்தப் பொம்பிள ஏன் அழுறா?" என்று கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். கிழிந்த உடுப்போடு ஒருத்தி முழங்காலில் இருந்தாள். ஓர் ஆணின் கை அவளுடைய தலைமயிரைப் பிடித்திருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். அவளை அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லின. மூடுவதற்கான புள்ளடி ஓர் அரிசிமணி அளவில் மூலையில் கிடந்தது. செதிலும் வழுவழுப்புமாக இருந்த கையால் கைபேசியைப் பறித்து அந்தப் புள்ளடியை அழுத்தினேன். அழுத்த அழுத்த வேறு பக்கம்தான் திறந்தது.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். இரத்தம், சளி, மலம் எல்லாம் என் கையால் போகும். மலத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுணுக்குக்காட்டியின் கீழ் புழு முட்டை தேடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் மத்தியானச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் குமட்டியதில்லை. அன்றைக்கு அந்த மீன் குழம்பை என்னால் தொட முடியவில்லை.

அதற்குப் பிறகு கண் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. புதிதாக வாங்கிய தொலைக்காட்சியைப் போட்டால், செய்தி வருவதற்கு முன்னே வயிற்றைக் குறைக்கும் தேத்தண்ணீர் விளம்பரம் வந்தது. மாமனார் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கான அழைப்பை மனைவி தன் கைபேசியில் தட்டிய கிழமை, செத்தவரோடு கதைக்க வைப்பதாகச் சொல்கிற சாத்திரக்காரர் அவளுடைய திரையில் வரிசையாக வந்து நின்றார்கள். அவள் அதைப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சாவீட்டுப் பந்தலுக்குள் செருப்போடு வந்து சாமான் விற்கிறவனைப் பார்ப்பது போலிருந்தது.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிறவன் காத்தான்குடிக்காரன். வயதும் சேவைக்காலமும் என்னளவுதான். கணினி விஷயத்தில் அவனுக்குக் கை ஓடும். அவனிடம் சொன்னேன்.

"அதுக்கு மருந்து இரிக்கி. காசி குடுத்து வாங்குற சாமானில்ல, சும்மா கிடைக்கும். உள்ளுக்கு என்ன எழுதியிரிக்கிண்டு ஆரும் திறந்து பாக்கலாம். ஒளிப்பு மறைப்பு இல்ல. பழைய லெப்டொப் ஒண்டு இரிக்கா ஒன்னட்ட?" என்று கேட்டான்.

இருந்தது. அவன் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளமும், விளம்பரங்களை மறிக்கும் வடிகட்டி ஒன்றும் போட்டுத் தந்தான். அது எப்படி வேலை செய்கிறதென்று இரத்தக் குழாய்கள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினான். வீட்டிலிருக்கும் எந்தக் கருவியும் இணையத்தில் ஓர் இடத்துக்குப் போகுமுன் அந்த இடத்தின் முகவரியை யாரிடமாவது கேட்க வேண்டும். இனிமேல் இந்த லெப்டொப்பைக் கேட்கட்டும். இது தன்னிடமுள்ள பட்டியலைப் பார்க்கும். விளம்பரக்காரன் முகவரி என்றால், அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லிவிடும். அவ்வளவுதான்.

போகும்போது ஒன்று சொன்னான்: "ஆர் எங்க போனண்டு அது ஒரு பதிவு எழுதிக்கிட்டே இரிக்கும். முதல் வேலையா அத நிப்பாட்டிப் போடு. வீட்டு ஆக்கள்ற பதிவு நமக்கு என்னத்துக்கு?"

நான் தலையாட்டினேன்.

அந்த லெப்டொப் நாலு வருடமாக அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். எங்கள் ஊரான கல்லடியில் ஆணி தொடக்கம் அடுப்பு வரை எதையும் உப்புக்காற்று விடாது. அதன் அடித்தட்டுத் திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. திறந்தபோது விசைப்பலகைக்குக் கீழே ஒரு கூட்டம் எறும்பு வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காற்றாடிக்குள் பல்லியின் காய்ந்த உடம்பு, வால் வேறாகக் கிடந்தது. பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து ஆய்வுகூடச் சாமானைத் துடைப்பது போல ஒரு முழு நாள் துடைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை கரண்ட் போய், மூன்றாம் தடவை லினக்ஸ் ஏறியது. பின்னேரம், எல்லாக் கருவிகளும் இனி லெப்டொப்பையே கேட்கும்படி ரவுட்டரில் முகவரியை மாற்றினேன். மகள் வந்து மயிலைத் திறந்தாள். இறகு முடிந்தது. விளம்பரம் வரவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம் வந்து போனது. அடுத்த இறகு.

அன்றைக்கே பதிவை நிறுத்தியிருக்கலாம். நான் அதைத் திறந்து பார்த்தேன்.

முதலில் தெரிந்தது தொலைக்காட்சி. ஒருவரும் பார்க்காமல் கறுத்துப் போய்ச் சுவரில் தொங்கிய தொலைக்காட்சி, ஏதோ ஒரு தேசத்து முகவரியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி, சலித்து விட்டுவிட்டேன். மனைவியின் கைபேசியில் இருந்த டோர்ச் லைட் செயலிகூட அவள் எங்கே நிற்கிறாள் என்று யாருக்கோ சொல்ல ஓடியது. வெளிச்சம் பிடிக்கிற சாமானுக்கு அது எதற்கு? ஒரு வெறியோடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். டோர்ச் லைட், படம் அடுக்கும் செயலி, தமிழ் தட்டச்சுப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் பதிலாக எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தேடிப் போட்டேன். ஒரு கிழமையில் வீடு கழுவிவிட்டது போலிருந்தது.

"பார்சல் வந்ததாண்டு பாக்கிற பக்கமும் திறக்குதில்ல. நல்ல துப்பரவுதான்," என்றாள் மனைவி.

அதைத் திருத்துவதற்குப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கம் திருத்தியாயிற்று. பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை. வேலையால் வந்து தேத்தண்ணீரோடு அதன் முன்னால் இருந்துவிடுவேன்.

எங்கள் வளவில் இரண்டு வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அவளைக் கலியாணம் கட்டுகிறவன் அங்கே வந்து இருக்க வேண்டும். முன் வீடு மனைவியின் அக்காவுக்கு, பின் வீடு எங்களுக்கு. அக்காவை நான் மச்சாள் என்பேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். புருஷன் செத்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுடைய வைஃபைதான் அவருக்கும்.

ஒருநாள் அந்தப் பட்டியலில் மச்சாளின் கைபேசி, மறுமணத்துக்கு ஆள் தேடும் பக்கம் ஒன்றுக்குப் போயிருந்தது. மறுநாளும் போயிருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் மூன்று மணிக்கு, தையல் மெசின் சத்தம் ஓய்கிற நேரத்தில்.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பகிடிக் கதை கிடைத்தவனைப் போல எழும்பிப் போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

"உங்கட அக்கா கலியாணத்துக்கு ஆள் தேடுறா போல."

அவள் துருவலை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லெப்டொப் பெட்டியில காட்டுது."

அவள் சிரிக்கவில்லை. யாராவது ஏமாற்றிவிடுவான் என்ற பயத்தில் கட்டாரிலிருக்கும் தன் தம்பியிடம் சொன்னாள். அவன் அன்றைக்கே மச்சாளுக்கு அழைப்பெடுத்தான். முன் வீட்டு விறாந்தையில் மச்சாள் கைபேசியைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். மறுமுனையில் அவன் என்ன சொன்னான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இந்த வயதில் உனக்கு என்ன கேட்கிறது, ஆக்கள் என்ன கதைப்பார்கள், நான் அங்கே வந்து தலை காட்ட வேண்டாமா என்று கேட்டிருக்கிறான். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த, தன்னைத் தூக்கி வளர்த்தவரைப் பார்த்து.

அடுத்த நாள் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் அளவு நாடா அப்படியே கிடந்தது. நேராக அந்த லெப்டொப் இருந்த மேசைக்குப் போனார்.

"இதுதானா தம்பி அந்தப் பெட்டி? நான் போன இடமெல்லாம் இதுக்குள்ள இருக்கா?"

"ஓம்."

"காட்டுங்க பாப்பம்."

காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். தையல் பட்டர்ன் தருகிற பக்கம். கோயில் திருவிழாவை நேரலையில் காட்டுகிற பக்கம். மாதவிடாய் நிற்கிற காலத்தில் உடம்பு ஏன் கொதிக்கிறது என்று விளக்குகிற பக்கம். அந்த வரியில் அவருடைய விரல் நின்றது. நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த வரியையும் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போன வருஷம் எனக்கு ரத்தம் எடுத்தாங்க. நீங்கதானே சோதிச்ச?"

"ஓம் மச்சாள்."

"அதுல என்ன இருந்த எண்டு ஆருக்கும் சொன்னீங்களா? தங்கச்சிக்கு?"

"இல்ல."

"ஏன் சொல்லல்ல?"

அது என் வேலை, அதற்கு ஒழுங்கு இருக்கிறது என்று சொல்லலாம். அப்படியானால் வீட்டில் எனக்கு ஒழுங்கு இல்லையா என்று அவர் கேட்பார். அவர் எழும்பி, கதிரையை இருந்த இடத்தில் வைத்தார்.

"நான் களவு ஒண்டும் செய்யல்ல தம்பி. தனிய இருந்து சோறு தின்னக் கஷ்டமா இருக்கு. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே எங்கள் வைஃபையிலிருந்து அவருடைய கைபேசி விலகிவிட்டது. சந்திக் கடையில் தனக்கென்று டேட்டா அட்டை வாங்கிக்கொண்டார். நான் பதிவு முழுவதையும் அழித்து, இனி எழுதாதபடி நிறுத்தினேன். அழிக்கிறதற்கு முன் ஒருமுறை மேலிருந்து கீழே ஓடிப் பார்த்தபோது குமட்டியது. அந்தத் தொலைக்காட்சியை எவ்வளவு அருவருத்தேன். அது தெரிந்துகொண்டதை யாருக்கோ விற்றது. நான் சும்மா கொடுத்தேன், சிரித்துக்கொண்டு. இரண்டில் எது கேவலம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கட்டாரிலிருக்கும் மச்சினனுக்கு அழைப்பெடுத்தேன். பிழை என்னுடையது, நான் பார்த்திருக்கக் கூடாது, அக்காவிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்ல வேண்டும் என நினைத்திருந்தேன். பாதி சொல்லும்போதே அவன் குறுக்கிட்டான்.

"நீங்க என்ன பிழை செஞ்சீங்க அத்தான்? நல்ல வேலதானே. எனக்கும் அதுல ஒண்டு போட்டுத் தரேலுமா?"

"உனக்கென்னத்துக்கு?"

"சித்தாண்டியில எங்கட வீட்டுக்கு. என்ட பெஞ்சாதி பகல் முழுக்க ஃபோனோடதான் இருக்காளாம். எங்க போறாள், ஆரோட கதைக்கிறாள் எண்டு நான் இஞ்ச இருந்தே பாக்கலாம்தானே. அவளுக்குச் சொல்லத் தேவல்ல. வைஃபை திருத்த வந்த எண்டு சொல்லிப் போட்டு வாங்க."

அவன் ஒரு நல்ல விலைக்கு ஆட்டுக்குட்டி கேட்கிறவனைப் போல இயல்பாகக் கேட்டான். அவனுடைய பெஞ்சாதி நல்லநாள் பெருநாளுக்கு வந்தால் என் காலடியில் பாய் விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிறவள். என்னை அண்ணா என்பாள். நான் அவளுடைய வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து தேத்தண்ணீர் தருவாள். அந்தத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவளுடைய வீட்டிலேயே இதை வைக்கச் சொல்கிறான்.

"செய்ய மாட்டன்," என்றேன்.

"ஏன், அக்காவுக்குச் செஞ்சீங்கதானே?"

"அதுதான் செய்ய மாட்டன் எண்டு சொல்றன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அதோடு அவன் என்னோடு கதைப்பதில்லை. தீபாவளிக்கு அனுப்பிய பெட்டியில் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மனைவிக்கு அது கவலை. எனக்கு அந்தக் குரலை மறுபடி கேட்காமல் இருப்பதே போதும்.

மச்சாள் எங்களோடு முகம் முறிக்கவில்லை. பிள்ளைக்குச் சட்டை தைத்தார், கறி அனுப்பினார். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் காலையில், நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, கைபேசியை நீட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். டேட்டா அட்டைக்கு மாறியதிலிருந்து, அந்தக் கலியாணப் பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம் அவருடைய திரையில் ஆம்பிளைகளின் அசிங்கப் படங்களாக வந்து கொட்டுகிறதாம். திறக்கவே கூச்சமாக இருக்கிறதாம்.

"உங்கட பெட்டி இத மறிக்குமா?"

"மறிக்கும். ஆனா மறுபடி எங்கட வைஃபைக்கு வரணும்."

அவர் நீட்டிய கைபேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பெட்டிய முன் வீட்டில வைங்க. கடவுச்சொல்லும் என்னட்ட இருக்கட்டும். உங்களுக்கு வேணாம்."

சரி என்றேன். பின்னேரம் ரவுட்டரையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போய்த் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதிவு நிறுத்தப்பட்டிருப்பதை அவர் தன் கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை. பார்த்த பிறகும் எங்கே, எப்படி நிறுத்துவது என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். புதிய கடவுச்சொல்லைத் தட்டும்போது, "அங்கால பாருங்க தம்பி," என்றார். நான் கிறுகி நின்று சுவரைப் பார்த்தேன்.

அவருக்கு ஆள் கிடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. வாகரைப் பக்கத்தில் ஒருவரோடு கதைக்கிறார் என்று மனைவி ஒருநாள் சொல்லத் தொடங்கினாள். வேண்டாம், எனக்குச் சொல்லாதே என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஏதாவது பக்கம் திறக்காவிட்டால் மச்சாள் அதைத் திறந்துவிடும்வரை நான் முன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நேற்றும் போனேன், ஓய்வூதியப் படிவம் ஒன்று திறக்கவில்லை என்று.

"சோறு கொதிக்குது, வடிச்சிட்டு வாறன். பொறுங்க," என்றார் உள்ளே இருந்து. வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன்.