வெளியே போன போஸ்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. எங்கள் வீடு கடம்பத்தூரில். நான் கிராஃபிக் டிசைனர். குறும்படம், யூடியூப் பாட்டு, வெப் சீரிஸ் என்று சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலிருந்தே செய்துகொடுப்பேன். அந்த வருடம்தான் முதல்முறையாக, தியேட்டருக்கு வரப்போகிற ஒரு படத்தின் ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர் என் கைக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நடக்கிற கதை. டைரக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தொழிற்சாலைன்னா உடனே புகைபோக்கியும் பல்சக்கரமும் போட்டுடாதீங்க. அதை நான் நூறு தடவை பாத்துட்டேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் புகைபோக்கிதான் வந்தது. அதனால் பஸ் மாறி மாறி கும்மிடிப்பூண்டிக்கே போனேன். ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து ஷிஃப்ட் மாறுவதைப் பார்த்தேன். வேலை முடிந்தவர்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிராக, தாமதமாக வந்த ஒருவர் மட்டும் தோளை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைவார். இரண்டாவது நாள் அப்படி ஒருவரைப் பார்த்ததும் எனக்குப் போஸ்டர் கிடைத்துவிட்டது. நூறு பேர் நம்மை நோக்கி வருகிறார்கள், ஒருவருடைய முதுகு மட்டும் தெரிகிறது. அவ்வளவுதான்.

அதிலேயே ஏழு விதம் செய்தேன். நான்காவதில் அந்த ஒருவருக்கு மட்டும் மஞ்சள் ஹெல்மெட் போட்டேன். திரையில் பிரமாதமாக இருந்தது. ஆனால் திரையில் இருக்கிற நிறம் வேறு, காகிதத்தில் விழுகிற நிறம் வேறு. அதனால் திருவள்ளூரில் நான் வழக்கமாகப் போகும் பிரிண்டிங் கடையில் அதை ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் கண்ணைக் குத்தியது. வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஹெல்மெட்டையே எடுத்துவிட்டு ஏழாவதை அனுப்பினேன். டைரக்டருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு பிரபல நடிகர் தன் ட்விட்டர் பக்கத்தில் வெளியிடப் போகிறார், அதுவரை படத்தின் தலைப்புகூட யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு, காலையில் துணை இயக்குநரிடமிருந்து போன். குரலே சரியில்லை. "போஸ்டர் வெளிய போயிடுச்சுங்க. வாட்ஸ்அப்ல சுத்துது. பாருங்க."

பார்த்தேன். மங்கலாக, கொஞ்சம் சாய்வாக எடுத்த போட்டோ. தலைப்பு தெளிவாகத் தெரிந்தது. நடுவில் மஞ்சள் ஹெல்மெட்.

மஞ்சள் ஹெல்மெட் போட்டதை நான் டைரக்டருக்கே அனுப்பவில்லை. அது என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரே ஒரு முறை அந்தக் கடையில் காகிதமாக வந்தது. அப்படியென்றால் வேறு யார்?

அந்தக் கடையில் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார். அன்று பிரதி வெளியே வந்துகொண்டிருந்தபோது "சினிமா படமாக்கா? எப்ப வருது?" என்று கேட்டிருந்தார். அப்போது அது எனக்குச் சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி காதில் கேட்டது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காகிதம் பாதி வந்திருக்கும்போது அவர் குனிந்து போனில் ஒரு போட்டோ எடுத்தார். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அவ்வளவு போதுமே. கடம்பத்தூரில் ரயில் ஏறி திருவள்ளூர் போகும் அந்தச் சில நிமிடங்களில் நான் ஒரு வழக்கையே ஜோடித்துவிட்டேன். அவர் பேசாமல் இருப்பது, நான் பைல் திறக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பது, போன முறை நான் மறந்துவிட்டுப் போன பென் டிரைவைப் பத்திரமாக எடுத்துவைத்துக் கொடுத்தது, எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. எடுத்துவைத்தவர் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டாரா?

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள், கோர்ட்டு வேலையாக ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். நான் குரலைக் குறைக்கவே இல்லை.

"அன்னைக்கு என் டிசைனை போட்டோ எடுத்தீங்கல்ல? யாருக்கு அனுப்பினீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, டிசைன எடுக்கலக்கா. மெஷின்ல கோடு கோடா வுழுந்துக்கினு இருந்துது. சர்வீஸ்காரருக்கு காட்டறதுக்கு ஓரத்த மட்டும் எடுத்தேன்."

"அப்படின்னா போனைக் காட்டுங்க."

கடை முதலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார். "இன்னாமா இது பேஜாரு? குடு, காட்டிடு" என்றார். அந்தப் பெண் பூட்டைத் திறந்து போனை என் கையில் கொடுத்தார்.

அவர் சொன்ன போட்டோ இருந்தது. வெள்ளைக் காகித ஓரம், அதில் சாம்பல் கோடு. நான் அதோடு நிறுத்தவில்லை. அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் பிள்ளை ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்திருந்தது. கணவரோ யாரோ ஒருவர் பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏதோ மருந்துச் சீட்டு. சர்ச்சில் எடுத்த குடும்பப் படம். அவரே கண்ணாடி முன்னால் நின்று, புதுப் புடவையில் எடுத்துக்கொண்ட படம். அத்தனை பேர் பார்க்க, வெறும் வாடிக்கைக்காரியான நான் அவருடைய வாழ்க்கையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் போஸ்டர் அதில் இல்லை.

"அழிச்சிருப்பாங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி என் வாடிக்கையை இழக்க விரும்பவில்லை. "நீ ஒரு வாரம் ஊட்டுல இரும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று அவரிடம் சொன்னார். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது நியாயம் கிடைத்ததுபோல் இருந்தது. டைரக்டருக்கும் போன் செய்து, பிரிண்டிங் கடைப் பெண்தான் என்று உறுதியாகவே சொன்னேன்.

மூன்றாவது நாள் மத்தியானம் அந்தப் பெண்ணிடமிருந்தே போன். புகார் எதுவும் வேண்டாம் என்று பேரம் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேசுவதைப் பதிவு செய்யக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, அந்தப் படம் எனுக்கும் வந்துச்சு. நீங்க அத பெருசு பண்ணிப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"நம்ம கடைல டியூப்லைட்டுதான்க்கா. இதுல வெயிலு கீது. காயிதத்து மேல குறுக்க குறுக்க நெழலு வுழுது பாருங்க, ரயிலு ஜன்னல் கம்பி மாதிரி. கீழ மூலைல ஒரு வெரலு கீது. பிளாஸ்திரி போட்டது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அன்னிக்கி உங்க கட்டவெரல்ல பிளாஸ்திரி போட்டுக்கினு வந்தீங்கக்கா."

போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். நிழல் இருந்தது. மூலையில், மங்கலாக, என் கட்டைவிரல்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று பிரதியை வாங்கிக்கொண்டு மத்தியான ரயிலில் ஏறினேன். பெட்டி பாதி காலியாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சள் வெயிலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, போஸ்டரை இரண்டு கையாலும் விரித்து நீட்டிப் பிடித்தேன். ஒரு ஸ்டேஷன் தூரம் அப்படியே பிடித்திருந்தேன். ஹெல்மெட்டின் மஞ்சளைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் இல்லை. பின்னால் நின்ற யாரோ என் தோளுக்கு மேலாக எடுத்திருக்கிறார். யார் என்று இன்றுவரை தெரியாது. தலைப்பை வெளியே காட்டியது நான்தான்.

படம் பார்ப்பதுதான் என் தொழில். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அடுத்தவர் போஸ்டரில் குற்றம் கண்டுபிடிப்பவள் நான். இந்த ஒரு படத்தில் மஞ்சளைப் பார்த்தேன், ஆளை முடிவு செய்தேன், அதற்குமேல் பார்க்கவே இல்லை.

மறுநாள் டைரக்டரை நேரில் போய்ப் பார்த்துச் சொன்னேன். பதிவு செய்த அந்தப் பேச்சையும் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்தவர், "சொன்னதுக்கு நன்றி. ஆனா இந்தப் படத்துல இனிமே உங்களோட சேர்ந்து வேலை செய்ய முடியாதுங்க" என்றார். தலைப்பை மாற்றி, வேறொருவரை வைத்துப் புதிய போஸ்டர் செய்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

அன்று டைரக்டரைப் பார்த்துவிட்டு நேராகத் திருவள்ளூர் கடைக்குப் போனேன். நின்றிருந்தவர்கள் முன்னாலேயே, தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். "இன்னா பண்றது, நான் போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்குது. கும்முடிப்பூண்டில ஏதோ கம்பெனில சேந்துருச்சாம். காலைல கம்பெனி பஸ்ஸுக்கு மெயின் ரோட்டுல நிக்கும், போய்ப் பாருங்க."

அடுத்த நாள் காலை போனேன். சீருடைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இங்கேயும் சத்தம் போடுவேனோ என்று பயந்திருக்கிறார். எனக்கு அதுதான் முதல் அடி.

மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர் கூப்பிடுகிறார், திரும்பி வந்துவிடுங்கள் என்றேன்.

"வேணாங்க்கா. மெஷின் வேல எனுக்கு ரொம்ப புடிக்கும். ஆனா அங்க இனிமே எவன் பைலு காணாம போனாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"என்னாலதான்" என்றேன்.

"நீங்க சந்தேகப்பட்டதுகூட பரவால்லக்கா. உங்க சாமான், கேக்கறீங்க. கோடு வுழுந்த போட்டோவ பாத்தப்பறமும் தள்ளிக்கினே போனீங்களே, அது ஏங்க்கா?"

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "வெரலு ஆறிடுச்சா?" என்று கேட்டார். கேலியா, அக்கறையா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகும் போஸ்டர்கள் செய்கிறேன், அதே கடைக்குத்தான் பிரிண்ட் எடுக்கப் போகிறேன்; மெஷினில் இப்போது வேறொருவர் இருக்கிறார். ஏதாவது காணாமல்போனால் சந்தேகம் இப்போதும் எனக்கு முதலில் அடுத்தவர் மேல்தான் வருகிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், காலையிலிருந்து நான் என்னென்ன செய்தேன் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துவிடுகிறேன், அந்தப் பெண் விட்டுப்போன இடத்தை அது அவருக்குத் திருப்பித் தராது என்று தெரிந்தேதான்.