குடியை விட்டபின் வந்த தள்ளாட்டம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, தங்கள் பொழுதில் சிறிதைக் கோரி இதனை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் குடித்தபோது நான் நேராகவே நடந்தேன். சாராயக் கடையிலிருந்து வீடுவரை, எதிர்ப்படுவோர் வணக்கம் சொல்லும்படி நடப்பதில் எனக்குத் தேர்ச்சி இருந்தது. குடியை விட்ட பிறகுதான் என் தள்ளாட்டத்தைப் புதுச்சேரி கண்டது. குடி சிறுமூளையைக் கெடுத்துவிட்டது, இனி காலை அகட்டி வைத்தே நடக்க இயலும் என்றார் மருத்துவர். நினைவிலும் ஓட்டைகள் விழுமாம். அவற்றை மனம் தானே கதை கட்டி அடைக்குமாம். இவ்வளவும் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்று வியக்க வேண்டாம். மகள் எழுதி வைத்திருக்கிறாள்.

அம்மகளுக்குச் சென்ற மாதம் திருமணம். மணப்பெண்ணின் கையைப் பற்றி, மாதா கோவில் வாசலிலிருந்து பீடம்வரை தந்தை அழைத்துச் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். பள்ளிக்காலத்தில் 'குடிகாரன் பொண்ணு' என்று அழைக்கப்பட்டவள் அவள். அன்றைக்கும் அப்பெயர் அவள்மேல் விழக்கூடாது என்பதே என் கவலை. ஆகவே, பெரும் யோசனைக்குப் பிறகு, வாய் மணக்கட்டும் என்று ஐந்து ஏலக்காய்களை மென்றுகொண்டு புறப்பட்டேன்.

குடித்ததை மறைக்க மெல்லுவதும் ஏலக்காய்தான். முப்பது ஆண்டுகள் நானே மென்றிருக்கிறேன். அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலில் என் நடையைப் பார்த்தார். அருகில் வந்து முகர்ந்தார்.

"இன்னா சம்பந்தி, ஏலக்கா வாசன தூக்குது. காலைலயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

மகள் முந்திக்கொண்டாள்.

"குடிச்சிருந்தா நேரா நடந்திருப்பாரு மாமா. நாலு வருசமா தொடல, அதான் இப்பிடி. நீ வாப்பா, என் கைய கெட்டியா புடிச்சிக்கோ."

அவர் சிரித்துவிட்டு வழிவிட்டார். அவள்தான் என்னை அழைத்துச் சென்றாள்.

நானோ, அன்று அம்பு போல் நேராக நடந்ததாக வருவோரிடமெல்லாம் சொல்லி வருகிறேனாம். நேற்று வந்த மகள் கேட்டுவிட்டு, "மூணாவது பெஞ்சுல இடிச்சிக்கினியே, அத ஏன் வுட்டுட்ட?" என்றாள். எனக்கு அந்தப் பெஞ்சு நினைவில்லை. முழங்காலில் காயம் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது.

நாளை நான் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆதலின் இத்தாளைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.