மழை நாளில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டவர்

மழை விட்டு, நேரம் தப்பி ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மர நிரையில் வெட்டும் அஞ்சலை ஓடி வந்து, "ஆயா போயிட்டாங்கடி" என்றாள். என் வாயில் முதலில் வந்தது, "எம்புள்ள முழிச்சிருக்கானா?" என்பதுதான். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காப்பார் ஊரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் முத்தம்மா ஆயாவைத் தெரியாதவர் இல்லை. நம் பிள்ளைகள், வேலை நேரத்தில் நாம் விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில், அவர் கட்டிய சேலைத் தொட்டிலில்தான் வளர்ந்தன. மரம் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் ரப்பர்ப் பால் சேரும்வரை நமக்குச் சிறிது நேரம் கிடைக்கும். அதற்குள் ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை தூங்கினால் போச்சு. நாம் மார்பு கனக்கத் திரும்புவோம். அது பிறகு எழுந்து பசியில் கத்தும்.

எனக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த வேலு கோழிக்குஞ்சு போல இருந்தான். அவனைக் கொட்டகையில் விட்ட முதல் நாள் ஓடிப் போனேன். ஆயா ஈரத் துணியால் அவன் உள்ளங்காலைத் துடைத்து எழுப்பிக்கொண்டிருந்தார். "தூங்குற புள்ளய யாராச்சும் எழுப்புவாங்களா?" என்று சண்டைக்கு நின்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தூக்கம் இங்கேயேதான் கெடக்கும். நீதான் போயிருவே. புடி" என்று என் மடியில் போட்டார். வேலு என்னைப் பார்த்தான். பிறகு குடித்தான்.

ஒருமுறை தோட்டத்துத் துரை கொட்டகையைப் பார்க்க வருகிறார் என்று, எல்லாப் பிள்ளைகளையும் தூங்க வைக்கும்படி கணக்கெழுதும் கிராணி உத்தரவு போட்டார். ஆயா தலையாட்டினார். துரை வந்து நின்றபோது நாமும் பால் கொடுக்க ஓடி வந்தோம். ஒரு தொட்டில் விடாமல் அலறல். கிராணி பல்லைக் கடித்தார். "நான் தலையாட்டினது நெசந்தானுங்க. புள்ளைங்கதான் கேக்கல" என்றார் ஆயா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மழை நாளில்தான் அவர் பாடு பெரும்பாடு. மரம் காயும்வரை வெட்டுத் தள்ளிப்போகும். நாமும் பிந்தி வருவோம். அதற்கேற்பப் பிள்ளைகளின் தூக்கத்தையும் அவர் தள்ளிப்போடுவார். தகர டப்பாவைத் தட்டுவார். கண் சொக்கும் பிள்ளையைத் தோளில் போட்டு, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைக் காட்டுவார். அந்தக் கனத்த உடம்போடு ஆடக்கூடச் செய்வார். நாம் எத்தனை தாமதமாக வந்தாலும் பிள்ளை விழித்திருக்கும்.

ஆயா போன அன்று கொட்டகையில் சத்தமே இல்லை. காலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் பிறகு எழவில்லையாம். ஆயா தூங்குகிறார் என்று நினைத்து, நடக்கிற பிள்ளைகள் வாய் பொத்தி இருந்திருக்கின்றன. அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தொட்டில்களில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கின. வேலுவும் தூங்கினான்.

"விடுடி, இன்னைக்குத் தூங்கட்டும்" என்றாள் அஞ்சலை. நான் ஆயாவின் துணியை நனைத்து அவன் காலைத் துடைத்தேன். விழித்தவன் என்னைத் தாண்டி அவரைத் தேடினான். பிறகு குடித்தான். நான் மங்குப் பால் எடுக்க நிரைக்குத் திரும்பினேன்.

அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. கொட்டகைக்குப் புது ஆயா வந்திருக்கிறாள், சின்னப் பெண். பிள்ளையை எழுப்பப் பயப்படுகிறாள். மழை பெய்யும் காலைகளில் துணியை அவள் கையில் கொடுத்து, "தூக்கம் இங்கேயேதான் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆயா சொன்னதில் மீதியைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.