அட்டை பிரிக்கும் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி புருஷனுக்குத் தெரியாமல் டீயில் ஏதோ மருந்தைக் கலக்கிக் கொடுக்கிறாளாம். அதனால்தான் மனுஷன் மாத்திரைப் பழக்கத்தை விட்டானாம். குடியிருப்பு முழுக்க இதே பேச்சு. கண்ணால் பார்த்த சாட்சி, மேல் வீட்டுத் தையல்கார அக்கா. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்தப் பெண் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் குப்பியில் போடுவாளாம். வெற்று அட்டைகளைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் எறிவாளாம்.

அக்கா பார்த்தது அத்தனையும் நிஜம். மிச்சத்தைத் தைத்துச் சேர்த்துவிட்டார், தொழில் புத்தி. அசல் சங்கதி வேறு. சொல்கிறேன், காதைக் கொடுங்கள்.

மெக்கானிக்குக் குடியிருப்பில் 'மேலேகீழே' என்று பேர். ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று வேலை பார்த்தவர் கீழே பள்ளத்தில் விழுந்தார். பேருக்கு ஏற்ற விபத்து. முதுகுவலிக்கு அபின் வகை மாத்திரையை அட்டை அட்டையாகக் கொடுத்தார்கள். வலி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மாத்திரை வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது. கடைசியில் சாப்பாடு மண்ணாகத் தெரிந்தது. மகள் அடிக்கும் ஜோக்குக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மாவிடம் மாசக்கணக்கில் வைத்தியம் பார்த்துத்தான் அதிலிருந்து மீண்டார். சூப்பர்வைசர் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆனால் பழைய ஆட்டம் துளி தெரிந்தாலும் மெஷின் ரூம் சாவியை வாங்கிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சாவி போனால் மேலேகீழே அடுத்தவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் மனைவி தன் பிரஷர் மாத்திரையை எடுத்து அட்டையை அமுக்கினாள். 'டுப்.' இவருக்கு உள்ளங்கை வேர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. எல்லாம் போச்சு என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். பழுது பார்க்க வந்தவர் மாதிரி மேலேகீழே டாக்டரம்மாவைக் கேள்வியாகக் கேட்டுக் குடைந்து எடுத்தார். "நான் போடவே இல்லையே டாக்டர், போட்ட மாதிரி ஏன் உடம்பு ஆடுது?"

மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. சந்தோஷத்துக்கான சாறு என்று ஊரே அதைச் சொல்கிறது. அதைவிட, 'வேணும், வேணும்' என்று பின்னாலிருந்து தள்ளுவதுதான் அதன் பெரிய வேலை. மாத்திரை அதை வெள்ளமாகத் திறந்துவிட்டது. மிரண்டுபோன மூளை, அதை வாங்கிக்கொள்ளும் வாசல்களில் பலவற்றைச் சாத்திவிட்டது. சாப்பாடு மண்ணானது அதனால்தான். சாத்திய வாசல் மெதுவாகத்தான் திறக்கும். ஆனால் மாத்திரைக்கு முன்னால் வழக்கமாக என்ன வந்ததோ, அதை மூளை மறக்காது. அந்த அறிகுறி தெரிந்தாலே டோபமைன் துள்ளிக்கொண்டு கிளம்பிவிடும்.

மேலேகீழே மோவாயைத் தடவினார். "பட்டனை அமுக்கினதும் லைட் எரியுதே, அது மாதிரியா? லிஃப்ட் இன்னும் வந்திருக்காது. ஆள் கதவுகிட்ட ஒரு காலைத் தூக்கிட்டு நிப்பான்."

டாக்டரம்மா சிரித்தார். "அதேதான். லைட் எரிஞ்சா எரியட்டும். நீங்க ஏறணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

அதோடு விட்டாரா மேலேகீழே? எந்தப் பட்டன் என்று தேட ஆரம்பித்துவிட்டார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நடந்து பார்த்தார். ஒன்றுமில்லை. குப்பியில் மாத்திரையைக் குலுக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. அட்டையை அமுக்கச் சொன்னார். மயிர் கூச்செறிந்தது.

"மாட்டிக்கிட்டான்," என்றார், திருடனைப் பிடித்தவர் போல. அன்றைக்கே ஒரு ஏற்பாடு ஆனது. இந்தச் சத்தம் அவருக்குப் பழகி மங்கும்வரை, மனைவி மொட்டை மாடிக்குப் போய் மொத்தமாகப் பிரித்துக் குப்பியில் போட்டுக்கொண்டு வரவேண்டும். கேட்டால் ஊர் சிரிக்கும் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது.

கதை சூப்பர்வைசர் காதுவரை போனது. ரகசியமாக மருந்து கொடுக்கிற நிலைமையில் இருப்பவன் கையில் மெஷின் ரூமை எப்படி விடுவது என்று சாவியை வாங்க நேரே வந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப்புடன் தையல்கார அக்கா பாதிப்படி இறங்கி நின்றார். மனைவி கதவோரம் வெளிறிப்போனாள். ஒன்றுமில்லை சார் என்று மழுப்பினால் பழி மனைவி தலையில் விழும். உள்ளதைச் சொன்னால், இன்னும் ஆசை விடவில்லை என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகும்.

மேலேகீழே உள்ளதைத்தான் சொன்னார். சூப்பர்வைசர் சாவிக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சாவி இன்றும் இவர் இடுப்பில்தான் தொங்குகிறது. அன்று படிக்கட்டே கேட்கும்படி மேலேகீழே சொன்னது இதுதான்:

"எனக்கு யாரும் எதையும் கலக்கல. அது அவளோட பிரஷர் மாத்திரை. அட்டை சத்தம் கேட்டா எனக்கு இன்னும் ஆசை வருது சார், ஆனா நான் போடுறதில்ல. அதான் மாடியில போய் பிரிச்சிட்டு வாடின்னு நானே சொன்னேன். டீயில அவ கலக்குறது சக்கரை மட்டும்தான்க்கா. அதையும் ஒழுங்கா கலக்குறதில்ல."